"என் பையன் அப்படியெல்லாம் இல்லைங்க சார்!" - போதைப் பழக்கத்தில் பிள்ளைகளை வீடும் நட்பும் கோட்டைவிடும் இடங்கள்

பத்தாம் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன், கணக்கு வகுப்பில் மட்டும் வாயைத் திறக்கவே மாட்டான். ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவான். விடை தெரியாமல் நிற்கிறான் என்று ஆசிரியர் நினைத்தார். கீழ் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் அவன் புகையிலையை ஒதுக்கி வைத்திருப்பது எங்களில் நான்கு பேருக்கு மட்டும் தெரியும்.

மதுரையைத் தாண்டி டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் கிராமம் அவனுடையது. அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். அம்மா விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போய்விடுவார். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த பைக் மெக்கானிக் ஷெட்டில் இரண்டு அண்ணன்கள் இவனை "மாப்ள" என்று கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். முதல் பொட்டலம் அங்கேதான் கிடைத்தது. காசுகூட வாங்கவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பையைச் சோதித்தபோது மாட்டினான். தலைமையாசிரியர் அறைக்கு அவன் அம்மாவை வரச் சொன்னார்கள். வெளியே நின்ற எங்களுக்கு அவர் குரல் கேட்டது. "என் பையன் அப்படியெல்லாம் இல்லைங்க சார்!"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. வகுப்பில் நான்கு பேருக்கும் மெக்கானிக் ஷெட்டில் இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம், பெற்ற தாய்க்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. இது ஏன் இப்படி நடக்கிறது?

நீதிமன்றம் வரை வந்த உதட்டுப் பொட்டலம்

2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், தடை செய்யப்பட்ட புகையிலைப் பொருள்கள் தொடர்பாகக் கைதானவர்களின் ஜாமீன் மனுக்கள் விசாரணைக்கு வந்தன. அப்போது நீதிபதி பரத சக்கரவர்த்தி, பள்ளி மாணவர்களிடம் 'கூல் லிப்' பரவுவது பற்றிக் கவலை தெரிவித்தார். தமிழ்நாட்டில் தடை இருந்தும் வெளி மாநிலங்களிலிருந்து இது வந்துகொண்டே இருக்கிறது. இதைப் பாதுகாப்பற்ற உணவுப் பொருளாக அறிவித்து நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று அவர் கேள்வி எழுப்பினார்.

கூல் லிப் பார்ப்பதற்குச் சின்னத் தலையணை போல இருக்கும். உதட்டுக்குள் வைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. பீடி, சிகரெட் போலப் புகை கிடையாது. சட்டையில் நாற்றமும் ஒட்டாது. நிகோடின் நேராக வாயின் மெல்லிய சவ்வு வழியாக ரத்தத்தில் கலக்கும். வகுப்பறையில் ஆசிரியருக்கு முன்னால், வீட்டில் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே பயன்படுத்தலாம். பெரியவர்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் இதன் பெரிய ஆபத்து.

சட்டம் இல்லாமல் இல்லை. குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை உண்டு. 2003-ல் வந்த மத்தியச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள்ளும் எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது. கஞ்சாவுக்கு எதிராக 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை'யைத் தொடங்கியது. 2022-ல் மதுரை உள்ளிட்ட தென் மாவட்டங்களில் கஞ்சா வியாபாரிகளின் வங்கிக் கணக்குகளையும் சொத்துகளையும் முடக்கினார்கள்.

ஆனாலும் ஒரு பிள்ளையின் முதல் போதை பெரும்பாலும் பெரிய வியாபாரியிடமிருந்து வருவதில்லை. கைக்கு எட்டும் தூரத்திலிருந்துதான் வருகிறது. 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு வெளியானது. பெரும்பாலான போதைப்பொருள்களை அதிகம் பயன்படுத்துவது பெரியவர்கள்தான் என்று அதில் தெரிந்தது. ஒன்றில் மட்டும் கணக்கு தலைகீழாக இருந்தது. அது பசை, ஒயிட்னர் போன்றவற்றை முகர்வது. பெரியவர்களில் 0.58 சதவிகிதம் என்றால், 10 முதல் 17 வயது வரையிலானவர்களில் அது 1.17 சதவிகிதம். இதிலிருந்து மீள உதவி தேவைப்படும் பிள்ளைகள் மட்டும் 4.6 லட்சம் பேர் என்றது அந்த ஆய்வு.

காரணம் எளிது. அது ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிறது. ஸ்கூல் பையில் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முகர்பவருக்கு முதல் தடவையிலேயே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும் ஆபத்தும் உண்டு என்பதோ பலருக்குத் தெரியாது.

பெற்றோருக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை சொன்னதுதான்!

"பிள்ளையைக் கண்காணித்துக்கொண்டே இருந்தால் கெட்டுப்போக மாட்டான்" என்பது நாம் எல்லோரும் நம்பும் விஷயம். உளவியல் நிபுணர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு சுற்றுகிறது என்று தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகவே தவறு செய்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்லியிருந்தன.

ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு ஆய்வாளர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சரி, அந்தப் பெற்றோருக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்தது? 14 வயதுப் பிள்ளைகள் 700-க்கும் மேற்பட்டோரிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான அந்த முடிவு பலரையும் யோசிக்கவைத்தது. கேள்விமேல் கேள்வி கேட்டோ, கட்டுப்பாடு போட்டோ தெரிந்துகொண்டதைவிட, பிள்ளை தானாக வந்து சொன்னதால் தெரிந்துகொண்டதே அதிகம். பிள்ளை தவறான பாதையில் போகாமல் இருந்ததோடு நெருங்கிய தொடர்பு இருந்ததும் அந்தப் பேச்சுக்குத்தான்.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பிள்ளைகள் எடுத்ததுமே பெரிய விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். முதலில் ஆழம் பார்ப்பார்கள். "இன்னிக்கு எங்க கிளாஸ்ல ஒருத்தன் பாக்கோட மாட்டிக்கிட்டான்மா" என்று அடுத்தவன் கதையாக ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் நம் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் முக்கியம்.

"அவன்கூட எல்லாம் சேரக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. இனி இந்த மாதிரி விஷயம் வீட்டில் பேசக் கூடாது என்பது அவனுக்குப் பாடம். "அப்படியா, அப்புறம் என்னாச்சு? உனக்கு என்னடா தோணுச்சு?" என்றால் பேச்சு நீளும். இரண்டாவது கேள்வியைக் கேட்டதால் நாம் தவறை ஆதரிப்பதாக அர்த்தம் இல்லை. அடுத்தமுறை அவன் தன் கதையையே சொல்ல வருவதற்குக் கதவைத் திறந்துவைக்கிறோம்.

என் நண்பன் வீட்டில் அப்படிப் பேசுவதற்கு யாருக்கும் நேரம் இல்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஓடும் வீடு அது. ஆனால் மெக்கானிக் ஷெட்டில் நேரம் இருந்தது. அங்கே இவன் சொல்வதை யாரோ காதுகொடுத்துக் கேட்டார்கள்.

நண்பன் பக்கத்தில் இருந்தால் பிரேக் பிடிக்காது!

"சேர்க்கை சரியில்லை" என்று நம் பாட்டிகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2005-ல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 306 பேரைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாடச் சொன்னார்கள். மஞ்சள் விளக்கு எரியும்போது நிறுத்துவதா, துணிந்து போவதா என்பதை ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பகுதியினர் தனியாக ஆடினார்கள். மற்றவர்கள் நண்பர்கள் பக்கத்தில் இருக்க ஆடினார்கள்.

24 வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. 13 முதல் 16 வயது வரையிலானவர்களோ, நண்பர்கள் பார்க்கும்போது இரண்டு மடங்கு ரிஸ்க் எடுத்தார்கள். அதே பிள்ளைதான், அதே விளையாட்டுதான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் மாறியது.

மூளையில் சந்தோஷத்தைத் தேடும் பகுதி பருவ வயதில் வேகமாக வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. "பொறு, யோசி" என்று சொல்லும் முன்பகுதி முழுதாக வளர இருபது வயதைத் தாண்டி இன்னும் சில ஆண்டுகள் ஆகும். வண்டியில் ஆக்ஸிலரேட்டர் வந்துவிட்டது, பிரேக் இன்னும் வரவில்லை. "வீட்ல இருக்கும்போது தங்கமான பையன், வெளியே போனாத்தான் மாறிடுறான்" என்று அம்மாக்கள் சொல்வது அதனால்தான். இரண்டுமே அவன்தான்.

ஒரு சிரிப்பு போதும்

நட்பு எப்படி ஒருவனைத் தள்ளுகிறது என்றால், சினிமாவில் வருவது போல யாரும் கையைப் பிடித்து வற்புறுத்துவதில்லை. சத்தமில்லாமல் நடக்கும் வேலை அது. ஓரிகனில் டாம் டிஷியன் என்ற உளவியல் ஆய்வாளர், 13, 14 வயதுப் பையன்களை நண்பனோடு உட்காரவைத்துப் பேசவிட்டு வீடியோ எடுத்தார். சில ஜோடிகள் விதியை மீறிய கதையைப் பேசினால் சிரித்தார்கள். சாதாரண விஷயம் பேசினால் சிரிப்பே இல்லை. அப்படிச் சிரித்த ஜோடிகள்தான் பின்னாளில் அதிகம் தடம் மாறினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. கணக்கு வகுப்பில் அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டியபோது நாங்கள் நான்கு பேரும் என்ன செய்தோம்? பெஞ்சுக்கு அடியில் குனிந்து சிரித்தோம். நாங்கள் யாரும் அவனுக்குப் பாக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. ஆனால் அவன் தினமும் நடத்திய காட்சிக்கு நாங்கள்தான் ரசிகர்கள். "காட்டிக் கொடுக்கக் கூடாது" என்பதை நட்பின் இலக்கணமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதைப் படிக்கும் பள்ளி மாணவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நண்பனைத் திருத்தும் பொறுப்பு உங்கள் தலையில் இல்லை. சிரிக்காமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. "எனக்குப் பிடிக்கலடா" என்று ஒருமுறை சொல்வதும் உங்கள் கையில் இருக்கிறது. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம், அது பி.இ.டி. ஆசிரியராகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கட்டும், விஷயத்தைச் சொல்வது துரோகம் இல்லை. அன்று நாங்கள் ஐந்து மாதம் முன்னாலேயே சொல்லியிருந்தால், புதிதாகத் தொடங்கிய பழக்கமாகவே அது பிடிபட்டிருக்கும்.

கிடா விருந்தில் மாமா ஊற்றிக்கொடுத்த முதல் கிளாஸ்

நண்பர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு வீடு தப்பித்துக்கொள்ள முடியாது. மதுரை சுற்றுவட்டாரத்தில் குலசாமி கும்பிட்டுக் கிடா வெட்டும் விருந்துக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். தோப்புக்குள் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். மீசை அரும்பிய பையன் அந்தப் பக்கம் போனால், "வாடா மருமகனே, நீயும் பெரிய மனுசன் ஆயிட்ட" என்று மாமாவோ சித்தப்பாவோ ஒரு வாய் ஊற்றிக் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அங்கேயும் அதே சிரிப்புதான்.

அந்த ஒரு வாய் விளையாட்டு இல்லை. 1997-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, 15 வயதுக்கு முன்பே குடிக்க ஆரம்பித்தவர்களில் 40 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானதைக் காட்டியது. 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவிகிதம்தான்.

சட்டமும் கடுமையாகவே இருக்கிறது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77-வது பிரிவு: 18 வயது நிரம்பாதவருக்கு மதுவையோ, புகையிலையையோ, போதைப்பொருளையோ மருத்துவர் பரிந்துரை இல்லாமல் கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கொடுத்தவர் கடைக்காரரா, சொந்தத் தாய்மாமனா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. பிள்ளைகளைப் போதைப்பொருள் விற்கவோ, கொண்டுபோய்க் கொடுக்கவோ பயன்படுத்தினாலும் 78-வது பிரிவில் அதே தண்டனைதான்.

"தம்பி, பெட்டிக்கடையில அப்பாவுக்கு ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று அனுப்புவதும் இந்த வரிசையில்தான் வரும். கடைக்காரருக்குப் பையன் முகம் பழகிவிடும். பையனுக்குக் கடை பழகிவிடும். நாளைக்கு அவன் தனக்காகக் கேட்டாலும், அப்பாவுக்கென்றே கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்.

தெரிந்துவிட்டது... இப்போது என்ன செய்வது?

பையன் பையிலோ, பொண்ணு பையிலோ ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. ஆமாம், பொண்ணுங்களுக்கும் இது பொருந்தும். கை நடுங்கும், ஆத்திரம் வரும். அது இயல்பு. ஆனால் அந்த முதல் ஒரு மணி நேரம்தான் அடுத்த ஓராண்டைத் தீர்மானிக்கிறது.

* அன்றைக்கே அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். கோபம் தணிந்த பிறகு பேசலாம். அவன் போதையில் இருந்தால் பேச்சே வேண்டாம். மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு இருந்தால் உடனே 108.

* "ஏன் செஞ்ச?" என்பதைவிட "எப்போ ஆரம்பிச்சது?" என்று கேளுங்கள். "ஏன்" என்றால் சாக்குதான் வரும். "எப்போ, எங்கே, யாரோட" என்று பொறுமையாகக் கேட்டால் கதை வரும். தேர்வு பயம், காதல் தோல்வி, வகுப்பில் கேலி, தூக்கமின்மை என்று ஏதாவது ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கும்.

* உண்மையைச் சொன்னதற்குத் தண்டிக்காதீர்கள். செய்த தவறுக்கு விளைவு இருக்கட்டும். பாக்கெட் மணி நிற்கலாம், பைக் சாவி உங்கள் கைக்கு வரலாம். ஆனால் "நீ சொன்னது நல்லது" என்ற ஒரு வார்த்தையும் கூடவே வர வேண்டும்.

* பழைய நண்பர்களை வெட்டிவிட்டால் மட்டும் போதாது. அந்த இடத்தை வேறு யாராவது நிரப்ப வேண்டும். கபடி அணி, சிலம்பப் பயிற்சி, அத்தை மகன் என்று மாலை நேரத்துக்கு ஒரு துணை தேவை.

* அறிகுறிகளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். திடீரென மதிப்பெண் சரிவது, தூக்கம் மாறுவது, வீட்டில் சில்லறை காணாமல் போவது, வாயில் அடிக்கடி புண், உள்ளுதட்டில் வெள்ளைத் தழும்பு, பழைய நண்பர்களைத் தவிர்ப்பது ஆகியவை கவனிக்க வேண்டியவை. இவற்றில் பாதி மன அழுத்தத்துக்கும் பொருந்தும். எப்படியிருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

இன்னொன்று, மறுபடி தவறினால் மனம் உடைய வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகும் 40 முதல் 60 சதவிகிதம் பேர் ஒருமுறையாவது பழையபடி பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்கிறது அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் பயன்பாட்டு ஆய்வு நிறுவனம். ரத்தக் கொதிப்பும் ஆஸ்துமாவும் இப்படித்தான் திரும்ப வருகின்றன. அதற்காக மாத்திரையைத் தூக்கிப் போடுகிறோமா என்ன?

டி.சி. கொடுத்தால் தீருமா?

என் நண்பனுக்கு அரைப்பரீட்சைக்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திருப்பூரிலிருந்து வந்த அப்பா, தெருவில் வைத்து பெல்ட்டால் அடித்தார். பள்ளியும் வேண்டாம் என்றது, வீடும் அடித்தது. அவனைத் திட்டாமல் உட்காரவைத்துப் பேச உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே இடம் எது தெரியுமா? அந்த மெக்கானிக் ஷெட்தான்.

மற்ற பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாது என்ற பள்ளியின் பயம் புரிகிறது. ஆனால் தடம் மாறிய பிள்ளைகளை ஒதுக்கி ஒரே இடத்தில் சேர்த்தால், அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறார்கள். 1999-ல் டிஷியனும் அவர் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் எச்சரித்தது. திருத்துவதற்காக இப்படிப்பட்ட பிள்ளைகளை மட்டும் குழுவாகச் சேர்த்து நடத்திய சில திட்டங்கள், நிலைமையை இன்னும் மோசமாக்கியிருந்தன. கடைசி பெஞ்சில் 'அந்தக் கூட்டத்தை' ஒன்றாக உட்காரவைக்கும் பழக்கத்துக்கும் இது பொருந்தும்.

சட்டத்துக்கே இது தெரிந்திருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தில், 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை ஜாமீனில் விடுவதுதான் பொது விதி. மறுப்பதற்குச் சொல்லப்படும் சில காரணங்களில் ஒன்று, வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்று கருத இடமிருப்பது. அவன் யாரோடு சேரப்போகிறான் என்ற கேள்வியைச் சட்டமே கேட்கிறது. டி.சி.யில் கையெழுத்துப் போடும் முன் பள்ளியும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம் அல்லவா?

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து சிகிச்சைக்கே போகாத குடும்பங்களும் உண்டு. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போதைக்கு அடிமையான ஒருவர்மீது, அதைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், அவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சையை முழுதாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும்.

ஐஸ்லாந்து செய்ததை மதுரை செய்ய முடியாதா?

ஒரு நாடே இந்தப் பிரச்னையைத் திருப்பிப் போட்டிருக்கிறது. 1998-ல் ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவிகிதம் பேர், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவிகிதம். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 சதவிகிதத்திலிருந்து 3 சதவிகிதமாகவும், கஞ்சாவைத் தொட்டவர்கள் 17-லிருந்து 7 சதவிகிதமாகவும் குறைந்தார்கள்.

"போதை கெட்டது" என்று போஸ்டர் ஒட்டி இது நடக்கவில்லை. இரவு 10 மணிக்குமேல் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். விளையாட்டு, இசை, நடன வகுப்புகளுக்கு அரசே பணம் கொடுத்தது. பள்ளிகளில் பெற்றோர் ஒன்றுகூடி, "என் வீட்டில் பெரியவர் இல்லாமல் பிள்ளைகளின் பார்ட்டிக்கு இடம் கொடுக்க மாட்டேன்" என்பது போன்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். அங்குள்ளவர்கள் முக்கியமாக வலியுறுத்தியது, பெற்றோர் பிள்ளைகளோடு இருக்கும் நேரம் கூட வேண்டும் என்பதை. வருஷத்துக்கு ஒரு கொடைக்கானல் டூர் போதாது. தினமும் சும்மா கூட இருக்க வேண்டும். வார நாள்களில் பெற்றோரோடு அடிக்கடி நேரம் செலவிடும் பிள்ளைகள் 1997-ல் 23 சதவிகிதம். 2012-ல் அது 46 சதவிகிதம்.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை மதுரை நகரத்தைவிடக் குறைவு. பணக்கார நாடு வேறு. அவர்களைப் போல அப்படியே செய்ய முடியாதுதான். ஆனால் பெற்றோர் ஒன்றுசேர்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரே தெருவில், ஒரே வகுப்பில் இருக்கும் பத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒருவருக்கொருவர் போன் நம்பர் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. "குரூப் ஸ்டடிக்கு அவங்க வீட்டுக்குப் போறேன்" என்பதை ஒரே போனில் உறுதிசெய்துகொள்ளலாம்.

பள்ளி முடியும் நாலரை மணியிலிருந்து இரவு எட்டு மணி வரைதான் பல வீடுகளில் ஆளில்லாத நேரம். அந்த மூன்றரை மணி நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கலாம் என்று யோசிப்போம். நகரத்துக்குள் இருந்தால் ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கபடி ஆடாத ஊர் உண்டா? ஊர்ப் பெரியவர்கள் மந்தையில் ஒரு விளக்குப் போட்டுக் கொடுத்தால், இரவு எட்டு மணி வரை அங்கே பிள்ளைகள் இருப்பார்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தால், 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக் கூடாது, பாதுகாவலர் கூடவே இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். "பையனை விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

போனில் பேச:

* 14446 - போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண்
* 14416 - மனநல ஆலோசனை
* 1098 - குழந்தைகள் உதவி எண்
* 10581 - போதைப்பொருள் விற்பனை குறித்துப் புகார் சொல்ல

மாட்டுத்தாவணியில் ஒரு சந்திப்பு

சில மாதங்களுக்கு முன்பு மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் அந்த நண்பனைப் பார்த்தேன். லாரியில் லோடு ஏற்றும் வேலை பார்க்கிறான். சிரிக்கும்போது பல்லில் கறை தெரிந்தது. வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. டாக்டரிடம் காட்டு என்று சொன்னேன். "போகணும்டா" என்றான்.

டீ குடித்து முடிக்கும் வரை ஊர்க்கதை பேசினான். கிளம்பும் நேரத்தில்தான் விஷயத்துக்கு வந்தான். "தம்பி ஒன்பதாவது படிக்கிறான் மாப்ள. ரெண்டு மாசமா ஒரு மாதிரி இருக்கான். நான் கேட்டா சொல்ல மாட்டேங்குறான். நீ யோக்கியமான்னு கேட்டுருவானோன்னு எனக்கும் கேக்கப் பயமா இருக்கு. நீ வந்து பேசிப் பாக்குறியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். தம்பியிடம் நான் எதையும் கேட்கவில்லை. அவன் அண்ணன் கணக்கு வகுப்பில் தலையாட்டிய கதையையும், நாங்கள் பெஞ்சுக்கு அடியில் சிரித்த கதையையும் சொன்னேன். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. கண்மாய்க் கரையில் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். இருட்டும் நேரத்தில் அவன், "எங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான்ணே..." என்று ஆரம்பித்தான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்படியா, அப்புறம் என்னாச்சு?"

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன்.